ஆள் குறைந்தால் நட்டம் யாருக்கு? இங்கிலாந்துத் தொழிற்கல்வி மானியத்தின் வரலாறு

தொழிற்கல்வி நிறுவனம் ஒன்றுக்கு அரசு தரும் பணம் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்பதோ வகுப்புகள் தொடங்கிய பிறகுதான் தெரியவரும். திட்டத்தில் எழுதிய எண்ணும் வருகைப் பதிவேட்டில் ஏறும் எண்ணும் ஒத்துப்போவது அரிது. வெல்டிங் பட்டறைக்கு வாடகை, மின்சாரம், பயிற்றுநர் சம்பளம் ஆகிய செலவுகள் இருபது பேர் வந்தாலும் பன்னிரண்டு பேர் வந்தாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஆள் குறைந்தால் ஒரு நட்டம் விழுகிறது. ஆள் கூடினாலும் எதிர்பாராத செலவு வருகிறது. அந்தச் சுமையைத் தாங்கக்கூடியவர்கள் நால்வர்: ஆசிரியர், நிறுவனம், அரசுக் கருவூலம், அடுத்த ஆண்டு மாணவர்கள். இங்கிலாந்து கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இந்த நால்வர் தலையிலும் அதை மாறிமாறி ஏற்றிப் பார்த்திருக்கிறது. மாணவரை எண்ணும் முறை மாறிய ஒவ்வொரு முறையும் நட்டம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு இடம் மாறியதே தவிர, மறைந்துபோகவில்லை.

தேர்ச்சிக்குக் கூலி

1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பிறகு, ஐரோப்பிய நாடுகளின் கைவினைத் தொழிலும் அறிவியல் பயிற்சியும் பிரிட்டனை முந்திவிடும் என்ற அச்சம் எழுந்தது. அதன் விளைவாக 1853இல் அறிவியல், கலைத் துறை ஒன்று அமைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் தெற்குக் கென்சிங்டனில் நிலைகொண்டது. அதன் முதன்மை அலுவலர் ஹென்றி கோல். அறிவியல் வகுப்புகளுக்கான மானிய விதியை 1859இல் வகுத்தவர் ஜான் டோன்லி என்ற ராணுவப் பொறியாளர்.

டோன்லியின் விதி எளிமையானது. மாலை நேரத்தில் தொழிலாளர்களுக்கு இயந்திரவியல், வேதியியல், வரைபடம் முதலியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அரசு மாதச் சம்பளம் தராது. துறை நடத்தும் தேர்வில் அவருடைய மாணவர்கள் எத்தனை பேர், எந்தத் தரத்தில் தேறுகிறார்கள் என்று பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று தரும். கட்டடம், விளக்கு, கரும்பலகை எல்லாம் ஊராரின் பொறுப்பு. மாணவர் குறைந்தாலோ, பாதியில் நின்றாலோ, தேர்வன்று காய்ச்சலில் படுத்தாலோ ஆசிரியரின் வருமானம் குறைந்தது. அரசுக்கு எந்த இழப்பும் இல்லை. அரசுப் பார்வையில் இந்த ஏற்பாடு வெற்றி பெற்றது. 1860இல் சில நூறாக இருந்த மாணவர் எண்ணிக்கை 1870களின் தொடக்கத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. ஆனால் தேர்வில் எளிதாகத் தேறக்கூடிய பாடங்களையே ஆசிரியர்கள் நாடினார்கள். செய்முறையைவிட மனப்பாடம் மலிவாக இருந்தது.

இதே கொள்கை 1862இல் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதித் தொகுப்பின்படி, சராசரி வருகையில் கணக்கிடப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 4 ஷில்லிங். தேர்வில் தேறினால் மேலும் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. அதாவது பள்ளிக்கு வரும் இந்த மானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆய்வாளர் வரும் ஒரே நாளில் தீர்மானமானது. உடல்நலமில்லாத குழந்தைகளையும் அன்று எப்படியாவது வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்த்த செய்திகள் பதிவாகியுள்ளன. இந்தத் திட்டம் ஒன்று மலிவாக இருக்கும், அல்லது திறமையாக இருக்கும் என்று லோ நாடாளுமன்றத்தில் வாதிட்டார். அது மலிவாக இருந்ததை எவரும் மறுக்கவில்லை. இதே பாணியிலான ‘முடிவு மானியம்’ சென்னை மாகாணப் பள்ளிகளிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறையில் இருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இம்முறை 1890களில் படிப்படியாகத் தளர்ந்து, 1897க்குள் மறைந்தது. அறிவியல் வகுப்புகளிலும் தேர்ச்சிக் கூலியின் இடத்தை அதே பத்தாண்டில் வருகைக்கான மானியம் பிடிக்கத் தொடங்கியது.

சாராயப் பணம்

நட்டத்தை ஆசிரியரிடமிருந்து விலக்கி உள்ளாட்சியின் பொறுப்பாக்கிய மாற்றம் ஒரு விபத்தாக வந்தது. 1889இன் தொழில்நுட்பக் கல்விச் சட்டம், தொழிற்கல்விக்காக ஒரு பவுண்டு வரி மதிப்புக்கு ஒரு பென்னி வரை வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி தந்தது. பெரும்பாலான இடங்களில் அது ஏட்டளவிலேயே நின்றது. அடுத்த ஆண்டு நிதியமைச்சர் கோஷன், உரிமம் இழக்கும் மதுக்கடைக்காரர்களுக்கு இழப்பீடு தருவதற்கென்று மதுவகைகள் மீது கூடுதல் தீர்வை விதித்தார். குடிக்கு எதிரான இயக்கத்தார் அந்த இழப்பீட்டை எதிர்த்துத் தோற்கடித்தனர். வசூலாகும் பணம் மட்டும் எதற்கென்றில்லாமல் நின்றது. ஆர்தர் ஆக்லண்ட் என்ற உறுப்பினரின் முயற்சியால் அதைத் தொழிற்கல்விக்குச் செலவிடும் உரிமை மாவட்டக் கவுன்சில்களுக்கு 1890இல் கிடைத்தது. மக்கள் அதைச் சாராயப் பணம் என்றே அழைத்தனர்.

இப்பணத்துக்கும் மாணவர் எண்ணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வகுப்பு நிரம்பினாலும் காலியாக இருந்தாலும், நாட்டில் எவ்வளவு மது விற்றது என்பதைப் பொறுத்தே தொகை ஏறி இறங்கியது. குடி குறைந்தால் பயிற்சிப் பட்டறைக்கு வரும் பணமும் குறையும் என்ற முரண்பாட்டைச் சமகாலத்தவர்கள் கேலியாகக் குறிப்பிட்டனர். இருந்தாலும், தேர்ச்சியைக் காட்டாமலேயே கட்டடம் கட்டவும் நிலையான சம்பளம் தரவும் முதன்முறையாக வழி பிறந்தது. லண்டனில் 1893இல் அமைந்த தொழில்நுட்பக் கல்வி வாரியம் சிட்னி வெப் தலைமையில் இந்தப் பணத்தைக் கொண்டே உதவித்தொகைகளையும் மாலைக் கல்லூரிகளையும் வளர்த்தது.

1902இன் கல்விச் சட்டம் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளை உருவாக்கியது. அடுத்த தொண்ணூறு ஆண்டுகளுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி என்பது பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்தின் ஒரு கிளையாகவே இயங்கியது. ஒரு பாடத்துக்கு ஆள் குறைந்தால் மாவட்டத்தின் பொதுக் கணக்கு அதைத் தாங்கிக்கொண்டது. மாணவர் எண்ணிக்கையின் செல்வாக்கு வேறொரு வழியில் நுழைந்தது. ஆசிரியர் ஊதியத்தை நிர்ணயித்த பர்ன்ஹாம் குழுவின் ஏற்பாட்டில், ஒரு துறையின் தரவரிசையும் அதன் தலைவரின் சம்பளமும் அங்கு நடக்கும் மாணவர் மணிகளின் அளவையும் பாடத்தின் நிலையையும் பொறுத்தவை. எனவே உயர்நிலைப் பாடங்களைத் தக்கவைத்துக்கொள்வதில் துறைத் தலைவர்களுக்குத் தனி அக்கறை இருந்தது.

1985இல் தணிக்கை ஆணையம் இந்தக் கல்லூரிகளை ஆராய்ந்து, சிறிய வகுப்புகளாலும் ஆசிரியர் நேரத்தை முழுமையாகப் பயன்படுத்தாததாலும் பெரும்பணம் வீணாகிறது என்று அறிக்கை தந்தது. 1993இல் அதே ஆணையம் கல்வி ஆய்வாளர் அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட இன்னோர் அறிக்கை இன்னும் கூர்மையானது. பதினாறு வயதுக்குப் பின் முழுநேரப் படிப்பில் சேர்பவர்களில் 30 முதல் 40 விழுக்காட்டினர் நடுவில் விலகுகிறார்கள் அல்லது தேறுவதில்லை என்று அது காட்டியது. செப்டம்பரில் நிரம்பிய வகுப்புக்கு முழுப் பணம் தந்துவிட்டு, ஜூனில் பாதி நாற்காலிகள் காலியாக இருப்பதை எவரும் கேட்காத நிலை அத்துடன் முடிந்தது.

மூன்று எண்ணும் நாள்கள்

1992இன் சட்டத்தால் 1993 ஏப்ரல் 1 அன்று நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனி நிறுவனங்களாயின. அவற்றுக்குப் பணம் பகிர ஒரு மேற்படிப்பு நிதிக் கவுன்சில் அமைந்தது. மாணவர் எண்ணிக்கையை மூன்றாண்டுகளில் கால் பங்கு கூட்ட வேண்டும், தலைக்குச் செலவோ குறைய வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

கவுன்சில் வகுத்த முறையில் மாணவர் ஒருவரே ஒரு கணக்கலகு அல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட அலகுகள் ஒதுக்கப்பட்டன. சேர்க்கை ஆலோசனைக்குச் சில அலகுகள், படிப்பில் நீடிப்பதற்குப் பெரும்பாலான அலகுகள், இறுதியில் தகுதி பெறுவதற்கு மீதி. நீடிப்பதைச் சரிபார்க்க நவம்பர் 1, பிப்ரவரி 1, மே 15 என்று ஆண்டுக்கு மூன்று நாள்கள் குறிக்கப்பட்டன. அந்த நாளில் பதிவேட்டில் உள்ள மாணவருக்கே அந்தப் பருவத்தின் அலகுகள் கிடைக்கும். ஜனவரி இறுதியில் ஒருவர் நின்றுவிட்டால், பிப்ரவரியிலிருந்து அவருக்கான வருமானமும் நின்றுவிடும். முதல்வர்களின் அறைகளில் இந்த மூன்று நாள்களுக்குத் தேர்வு நாள்களைவிடக் கூடுதல் மதிப்பு வந்தது. மாணவர் தகவல் பிரிவு என்ற புதிய அலுவலகம் ஒவ்வொரு கல்லூரியிலும் வளர்ந்தது.

ஒதுக்கீடு இரண்டு பகுதியாக இருந்தது. முந்தைய ஆண்டின் பணத்தில் 90 விழுக்காடு உறுதி, அதற்கேற்ற அலகுகளைத் தருவதாகக் கல்லூரி ஒப்புக்கொள்ள வேண்டும். மீதிக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட அலகுகளை எட்டாத கல்லூரியிடமிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது. இலக்கைத் தாண்டிய கல்லூரிக்கு, 1994–95 முதல், தேவைக்கேற்ற கூடுதல் நிதி என்ற பெயரில் ஒவ்வோர் அலகுக்கும் 6.50 பவுண்டு கிடைத்தது. கல்லூரிகளின் வழக்கமான அலகு விலையில் பாதிக்கும் மிகக் குறைவான தொகை அது. ஆனால் அதற்கு உச்சவரம்பு இல்லை.

உச்சவரம்பில்லாத அந்த 6.50 பவுண்டு கல்லூரிகளின் நடத்தையை மாற்றியது. சொந்தக் கட்டடத்தில் சொந்த ஆசிரியரைக் கொண்டு அந்த விலைக்குக் கற்பிக்க முடியாது. ஆனால் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு ஏற்கெனவே தந்துவரும் பயிற்சியைக் கல்லூரியின் பெயரில் பதிந்துகொண்டு, கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தந்தால் கணக்குக் கட்டும். இந்தக் கூட்டுப் பயிற்சி முறை 1990களின் நடுவில் வேகமாகப் பரவியது. சில கல்லூரிகள் நூறு மைலுக்கு அப்பாலிருந்த மாணவர்களையும் தம் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டன. கவுன்சில் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போனது. 1997இன் தொடக்கத்தில் கருவூலத்தின் நெருக்குதலால், இந்தக் கூடுதல் நிதியைத் தொடர முடியாது என்று கல்வித் துறை அறிவித்தது. அதை நம்பி ஆளெடுத்த கல்லூரிகள் நடு ஆண்டில் சிக்கிக்கொண்டன. அதே ஆண்டு ஹெலனா கென்னடி தலைமையிலான குழு, வளர்ச்சியை மட்டும் துரத்தும் நிதிமுறை, படிப்பில் பின்தங்கியவர்களை எட்டவில்லை என்று எழுதியது.

வரம்பை மீறிய சேர்க்கை

2000 செப்டம்பரில் தொடங்கிய தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம், ஆள் குறைவதைப் போலவே ஆள் கூடுவதும் ஒரு திட்டத்தைக் கவிழ்க்கும் என்பதைக் காட்டியது. மாணவர் 25 பவுண்டு போட்டால் அரசு 150 பவுண்டு தரும். அடிப்படைக் கணினிப் பாடங்களுக்கும் கணக்குப் பாடங்களுக்கும் கட்டணத்தில் 80 விழுக்காடு வரை தள்ளுபடி. யார் வேண்டுமானாலும் பயிற்சி நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். கல்லூரிகளின் ஆமைவேகத்தைத் தவிர்க்கவே இந்தத் தளர்வு.

2002 மார்ச்சுக்குள் பத்து லட்சம் கணக்குகள் என்பது இலக்கு. அது 2001 மேயிலேயே எட்டப்பட்டது. திட்டம் நிற்பதற்குள் கணக்குகள் 25 லட்சத்தைத் தாண்டின. ஆண்டுப் பணம் தீர்ந்த பிறகும் சேர்க்கையை நிறுத்தும் பூட்டு எதுவும் திட்டத்தில் இல்லை. வாசல்வாசலாகச் சென்று கையெழுத்து வாங்கியவர்கள், பாடமே நடத்தாமல் பணம் கோரியவர்கள் என்று முறைகேடுகள் வெளிவந்தன. 2001 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தில் திட்டம் ஒரே நாளில் மூடப்பட்டது. ஒழுங்காகப் பயிற்சி தந்துவந்த சிறு நிறுவனங்களும் அன்றே வருமானத்தை இழந்தன. திட்டமிட்டதற்கு மேல் ஆன செலவு கருவூலத்தின் தலையில் விழுந்தது.

பணியிடப் பயிற்சிக்கென 2006இல் நாடு முழுவதும் விரிவான இன்னொரு திட்டம் எதிர்த் திசையில் தடுமாறியது. முதல் சில ஆண்டுகளில் முதலாளிகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை, ஒதுக்கிய பணம் தங்கியது. விதிகளைத் தளர்த்தி விளம்பரம் செய்ததும் 2009இல் தேவை பணத்தை மிஞ்சியது. அந்தப் பணத்தைப் பகிர்ந்தளித்த கற்றல், திறன் கவுன்சில் சேர்க்கையைத் தடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கவுன்சில் 2010 மார்ச்சில் கலைக்கப்பட்டது.

சென்ற ஆண்டின் தலைகள்

இந்த அனுபவங்களுக்குப் பின் பதினாறு முதல் பதினெட்டு வயது வரையிலான மாணவர்களுக்கு, கணிப்பை முற்றிலும் தவிர்க்கும் ஒரு முறை நிலைபெற்றது. இந்த ஆண்டு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதில்லை. சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தார்களோ, அத்தனை பேருக்கு இந்த ஆண்டு பணம். அலிசன் வுல்ஃப் 2011இல் தந்த அறிக்கையின் பரிந்துரைப்படி, 2013–14 முதல் தகுதிச் சான்றிதழ்களின் எண்ணிக்கைக்குப் பணம் தருவதும் நின்று, முழுநேர மாணவர் ஒருவருக்கு ஒரே தொகை என்றானது. அடிப்படை விகிதம் 4,000 பவுண்டு. 2019–20 வரை அது உயரவேயில்லை. அதன் மேல் படிப்பின் செலவு, வட்டாரம், பின்தங்கிய நிலை ஆகியவற்றுக்கான பெருக்கிகள் சேரும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். சென்ற ஆண்டு 1,000 மாணவர்கள் இருந்த கல்லூரியில் இந்த ஆண்டு 1,100 பேர் சேர்கிறார்கள். அடிப்படை விகிதத்தில் அதற்குக் கிடைப்பது 40 லட்சம் பவுண்டு. கூடுதலான நூறு பேருக்கான 4 லட்சம் பவுண்டைக் கல்லூரியே ஓராண்டு தாங்க வேண்டும். அடுத்த ஆண்டில்தான் 1,100 பேருக்கான கணக்கு வரும். இதே கல்லூரியில் 900 பேர் மட்டுமே சேர்ந்தாலும் 40 லட்சம் பவுண்டு குறைவதில்லை, ஊழியர்களைக் குறைக்கவோ வகுப்புகளை இணைக்கவோ ஓராண்டு அவகாசம் கிடைக்கிறது. தேய்கிற கல்லூரிக்கு நிழல், வளர்கிற கல்லூரிக்குச் சுமை என்பதே இம்முறையின் இயல்பு. 2010களில் அந்த வயதினரின் தொகை குறைந்துவந்ததால் பலருக்கு இது காப்பாக இருந்தது. 2020க்குப் பின் அத்தொகை பெருகத் தொடங்கியதும் அதே விதி நெருக்கடியானது. மிக அதிகமாக வளர்ந்த கல்லூரிகளுக்கு நடு ஆண்டில் சிறப்பு நிதி தரும் ஏற்பாடு இருந்தாலும், அது கையிருப்பைப் பொறுத்ததே தவிர உரிமையாக இல்லை.

தலையை எப்போது எண்ணுவது என்பதற்கும் துல்லியமான விதி உண்டு. 24 வாரமோ அதற்கு மேலோ நீளும் படிப்பில் மாணவர் 42 நாள்கள் நீடித்தால்தான் கணக்கில் வருவார். நாற்பதாவது நாளில் நின்றவர் கணக்கில் இல்லை. ஐம்பதாவது நாளில் நின்றவர் கணக்கில் உண்டு, ஆனால் படிப்பை முடிக்காதவர் என்பதால் அவருக்கான தொகை பாதியாகும். இந்தப் பாதி வெட்டு அதே ஆண்டில் விழாமல், கல்லூரியின் நீடிப்பு விகிதமாக மாறி அடுத்த ஆண்டுகளின் ஒதுக்கீட்டைக் குறைக்கிறது.

97, 68, 90

வயதுவந்தோர் கல்விக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கு கல்லூரி ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தொகையைப் பெறுகிறது. ஆண்டு முடிந்ததும் உண்மையில் தந்த கல்வியின் மதிப்பு கணக்கிடப்படுகிறது. ஒதுக்கியதில் 97 விழுக்காட்டை எட்டினால் முழுப் பணமும் கல்லூரியிடமே இருக்கும். எட்டாவிட்டால் குறைவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் இயங்கும் தனியார் பயிற்சி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது, மாதாமாதம் நடத்திய அளவுக்கே பணம்.

கோவிட் காலத்தில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இந்த எல்லை சோதனைக்கு உள்ளானது. 2019–20க்கு எல்லை 68 விழுக்காடாகத் தாழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டும் ஊரடங்கு நீடித்தது. ஆனால் 2020–21க்கான எல்லை 90 விழுக்காடு என்று 2021 மார்ச்சில், ஆண்டில் பாதிக்கு மேல் கழிந்த பிறகு, அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. வராத மாணவர்களைத் திரும்ப வரவழைக்க நேரமும் இல்லை. வயதுவந்தோரை மிகுதியாகச் சேர்க்கும் பெருநகரக் கல்லூரிகளே இதில் பெரிதும் அடிபட்டன.

தொழில் பழகுநர் பயிற்சியில் பணம் இன்னும் நெருக்கமாக ஆளைப் பின்தொடர்கிறது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் 0.5 விழுக்காடு தீர்வை கட்டுகிறார்கள். பயிற்சிக் கட்டணத்தில் 80 விழுக்காடு மாதத் தவணைகளாகப் போகும், மீதி 20 விழுக்காடு பயிற்சி முடிந்தால்தான். பழகுநர் நடுவில் விலகினால் தவணை அந்த மாதமே நிற்கும். தீர்வை வந்ததற்கு அடுத்த கல்வியாண்டில் பழகுநர் சேர்க்கை சுமார் 4,95,000இலிருந்து 3,76,000ஆகச் சரிந்தபோது, செலவாகாத பணம் அரசிடமே தங்கியது. இழப்பு பயிற்சி நிறுவனங்களுக்கு வந்தது.

திட்டத்துக்குத் திரும்புதல்

2020 செப்டம்பரில் தொடங்கிய டி லெவல் தொழிற்படிப்புகள் மீண்டும் பழைய கேள்வியைக் கொண்டுவந்தன. இவை இரண்டாண்டுப் படிப்புகள், குறைந்தது 45 நாள் தொழிலிடப் பயிற்சி கட்டாயம். புதிய படிப்புக்குச் சென்ற ஆண்டின் எண்ணிக்கை என்று ஒன்றும் இல்லை. ஆகவே கல்லூரி தரும் திட்ட எண்ணிக்கைக்கே பணம் ஒதுக்கி, ஆண்டு நடுவில் உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் முறை வகுக்கப்பட்டது. சிறு விலகலைப் பொறுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட குறைவுக்கான பணம் திரும்பப் பெறப்பட்டது. மூன்று பாடங்களில் சுமார் 1,300 மாணவர்களுடன் தொடங்கிய இந்தப் படிப்பில் 2024இல் சேர்ந்தவர்கள் சுமார் 25,000 பேர். வளர்ச்சி உண்மைதான். ஆனால் அரசு முதலில் கணித்திருந்ததைவிட எண்ணிக்கை மிகக் குறைவு. பணத்தையும் இடத்தையும் முன்கூட்டித் தயார்செய்த கல்லூரிகள் காலி இடங்களைப் பார்த்தன.

ஒதுக்கீட்டை நடத்திவந்த நிதி முகமை 2025 மார்ச் 31 அன்று மூடப்பட்டு, அதன் வேலை கல்வித் துறைக்கே திரும்பியது. அப்போதைய விதிகளின்படி ஒரே கல்லூரி, ஒரே ஆண்டில், பதினேழு வயது மாணவருக்குச் சென்ற ஆண்டின் கணக்கிலும், டி லெவல் மாணவருக்குத் திட்டக் கணக்கிலும், வயதுவந்தவருக்கு ஆண்டிறுதிக் கணக்கிலும், பழகுநருக்கு மாதக் கணக்கிலும் பணம் பெற்றது. முதல் முறையில் வளர்ச்சியின் செலவைக் கல்லூரி ஓராண்டு சுமக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பற்றாக்குறை திரும்பக் கட்டும் கடனாகிறது. நான்காவதில் அது உடனடி இழப்பு. 1859இல் மாலை வகுப்பு ஆசிரியர் தனியாகச் சுமந்ததை இன்று நிறுவனங்கள் சுமக்கின்றன. அந்த நால்வரில் யார் எந்தப் பங்கைச் சுமப்பது என்பதை, எண்ணும் முறையை மாற்றும் ஒவ்வொரு சட்டமும் புதிதாக முடிவுசெய்கிறது.